ஆள் வைக்காமல் நாமே புல் வெட்டினால்

கொட்டிவாக்கத்தான் எழுதியது:

வீட்டு முன்னால் ஏறக்குறைய 400 சதுர அடிக்குப் புல்தரை. பாதி கொரியன் புல், மீதி தானாக வந்து குடியேறிய அருகம்புல். எது எங்கே முடிகிறது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தோட்டக்காரருக்கு முட்டி வலி வந்த பிறகு புல் வேலையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். மோட்டார் இல்லாத தள்ளு மெஷின். சக்கரம் உருள உருள, நடுவில் இருக்கும் உருளைக் கத்தி சுழன்று வெட்டும் பழைய வகை.

பால் வாங்கப் போகிறவர், எதிர்வீட்டு அம்மா, என் மாமனார் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஏன், ஆள் கிடைக்கலையா?" ஆள் கிடைக்காமல் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டால் உடற்பயிற்சி, மன நிம்மதி என்று சட்டென்று ஒரு பதில் வாயில் வந்துவிடுகிறது. அது பொய்யில்லை, ஆனால் அதற்காக மட்டும் நான் சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்திருக்க மாட்டேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: வெட்டுகிறவனுக்குத்தான் மனை தெரிகிறது. கேட்டிலிருந்து சம்ப் வரைக்கும் ஒரு நேர்கோட்டில் புல் மட்டும் மற்ற இடத்தைவிட வேகமாக வளர்ந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினாலும், அடுத்த வாரம் அந்தப் பட்டை மட்டும் அரை இஞ்ச் தூக்கி நிற்கும். மெஷின் அந்த இடத்தில் ஏறும்போதே கைப்பிடியில் கனம் தெரியும். பிளம்பரைக் கூப்பிட்டுத் தோண்டிப் பார்த்தால், கீழே போகும் குழாயின் மூட்டில் கசிவு. செப்டிக் டேங்க் மூடியின் மேல் மண் ஒரு சாண்கூட இல்லை. அங்கே ஏப்ரலிலேயே புல் மஞ்சளாகிவிடும். வேப்பமரத்தடியில் என்ன செய்தாலும் மெலிந்துதான் இருக்கும். தெற்கு மூலையில் எறும்புப் புற்று எப்போது கிளம்பும், மழை நின்ற பிறகு தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும், எல்லாம் காலுக்கும் கைக்கும் வந்து சேர்கிறது. காசு கொடுத்து ஆள் வைத்து வெட்டும்போது இதில் ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.

இங்கே வேறு யாராவது சொந்தமாகப் புல் வெட்டுகிறீர்களா? உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?


மூன்றாவது மாடி எழுதியது:

கொட்டிவாக்கத்தில் 400 சதுர அடி புல்லா? சார், அந்த இடத்தில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் மாதாமாதம் வேறு விதமான பச்சை பார்த்திருக்கலாம்.

நாங்கள் வேளச்சேரியில் மூன்றாவது மாடி. பால்கனியில் இருப்பது ஒரே ஒரு துளசித் தொட்டி. அதிலிருந்து கீழே தண்ணீர் சொட்டுகிறது என்று அசோசியேஷனில் கடிதம் கொடுத்தார்கள்.

விளையாட்டு போகட்டும். இது ஒரு வேலை. ஒரு வேலையைச் சுகம் என்று சொல்வதற்கே ஒரு வசதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான். அதனால் ஆத்ம திருப்தி கிடைக்கிறது என்று இதுவரை யாரும் இழை தொடங்கவில்லை.


வாசல்கோலம் எழுதியது:

மூன்றாவது மாடி சார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்ப்பவரிடமிருந்து பாத்திரத்தைப் பற்றிய கருத்தை நான் ஏற்பதாக இல்லை :)

நங்கநல்லூரில் எங்கள் தாத்தா காலத்து மனை. பின்பக்கம் தென்னை, முன்பக்கம் கொஞ்சம் புல். நான் கரண்டில் ஓடும் மோவர் வைத்திருக்கிறேன். எனக்கு என்ன கிடைக்கிறது என்று நேராகச் சொல்கிறேன். சமைத்தால் அரை மணியில் தட்டு காலி. துவைத்தால் மறுநாள் கூடை நிறைந்துவிடும். பெருக்கினால் எதிர்க்கட்டட வேலையின் தூசி மதியத்துக்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். புல் வெட்டினால் மட்டும்தான் செய்த வேலை நாலைந்து நாளுக்கு அப்படியே கண் முன்னால் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கிறார்கள். "நல்லா இருக்கே" என்கிறார்கள். சாம்பாருக்குக்கூட எங்கள் வீட்டில் அது கிடைக்காது.

அப்புறம் இன்னொன்று. மெஷின் ஓடும்போது வீட்டுக்குள்ளிருந்து யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. உண்மையாகவே விழாது. "சீப்பு எங்கே", "சார்ஜர் எங்கே", எதுவும். முக்கால் மணி நேரம் எனக்கே எனக்கு.

தெருவில் "வீட்டுல ஆம்பளைங்க இல்லையா" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறார், உள்ளே சீப்பு தேடிக்கொண்டிருக்கிறார் என்றேன்.


பிட்ச் ரோலர் எழுதியது:

நல்ல இழை. கிளப் கிரிக்கெட் ஆடின காலத்தில் மைதானம் பார்த்துக்கொள்ளும் அண்ணன்களோடு நிறைய நேரம் இருந்திருக்கிறேன். பேட்டிங்கைவிட அங்கேதான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்று என் ஸ்கோரைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

கொட்டிவாக்கத்தான் சார் கையில் கனம் தெரியும் என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மோட்டார் வைத்த மெஷினில் அது தெரியாது, அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி தின்றுவிடும். தள்ளு மெஷினில் ஒவ்வொரு அடிக்கும் புல் பதில் சொல்லும். அந்த மெஷினுக்கு ஒரு கதை உண்டு. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நார்களை ஒரே சீராக வெட்டி எடுக்க ஒரு உருளைக் கத்தி உண்டு, அதைப் பார்த்துத்தான் புல்லுக்குச் செய்தார். இன்றைக்கும் நல்ல மைதானங்களில் ஆடுகளத்தை வெட்டுவது அதே தத்துவம்தான்: உருளைக் கத்தியும் கீழே அசையாத ஒரு தகடும் கத்தரிக்கோலாக வேலை செய்கின்றன. சுழலும் ஒற்றைப் பிளேடு மெஷின் அப்படியில்லை, வேகத்தால் அடித்துத்தான் அறுக்கிறது. பிளேடு மழுங்கினால் புல்லின் நுனி கிழிந்து, இரண்டு நாளில் தரை முழுக்க வெளிறிப்போகும். "மருந்து அடிக்கணுமா சார்" என்று அப்போதுதான் கேட்பார்கள். மருந்து வேண்டாம், சாணை பிடித்தால் போதும்.

எந்த வெட்டிலும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் இரண்டு வாரம் விட்டுவிட்டு ஒரே நாளில் மொட்டை அடிக்கிறவர்கள்தான் அதிகம். கொரியன் புல்லில் இது இன்னும் மோசம். வெட்டாமல் விட்டால் அது மேடு மேடாகப் புடைத்துக்கொள்ளும். மேலே மட்டும்தான் பச்சை, அடியில் வெறும் தண்டு. அந்த மேட்டை ஒரேயடியாகச் சீவினால் பழுப்புத் திட்டுதான் மிச்சம், பச்சை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

புல் வெட்ட வெட்ட வளர்வதற்குக் காரணம், அதன் வளரும் பகுதி நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் கத்தி மேய்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். மற்ற செடிகள் தலை போனால் தடுமாறும். அதனால்தான் ஒழுங்காக வெட்டப்படும் தரையில் நிமிர்ந்து வளரும் களைகள் தானாகக் குறையும். கோரை மட்டும் விதிவிலக்கு. கீழே கிழங்கு இருக்கும்வரை அது உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும்.


தண்ணி லாரி எழுதியது:

எல்லாரும் கவிதையாக எழுதுகிறீர்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோமா?

400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு வெறும் 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் 185 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் அரசாங்கம் திட்டம் போடுகிறது. ஆக உங்கள் புல் ஒரு மனிதரைவிட அதிகம் குடிக்கிறது. 2019 கோடையை மறந்துவிட்டீர்களா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரை தட்டின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் பத்து குடத்துக்குச் சண்டை.

லான் என்பதே இந்த ஊருக்கு ஒட்டாத பழக்கம். லண்டனில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான், ஆனால் பன்னிரண்டு மாதமும் பிரித்துப் பிரித்துப் பெய்கிறது. சென்னையில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். வெள்ளைக்காரர்கள் இங்கே கார்டன் ஹவுஸ் கட்டி, கும்பல் கும்பலாக ஆள் வைத்துப் புல் வளர்த்தார்கள். போகும்போது விட்டுவிட்டுப் போனதை நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். புல் பார்க்க ஆசையாக இருந்தால் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். வீட்டில் கீரை போடுங்கள்.


கொட்டிவாக்கத்தான் எழுதியது:

தண்ணி லாரி சொன்ன கணக்கில் தப்பில்லை. தினமும் தண்ணீர் விட்டு மே மாதமும் பச்சையாக வைத்திருந்தால் அந்தக் கணக்கு எனக்குப் பொருந்தும். நான் விடுவதில்லை. சித்திரையில் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் வாஷிங் மெஷினில் துணி அலசிய கடைசித் தண்ணீர். அக்னி நட்சத்திரத்தில் அதுவும் கிடையாது, தரை பழுப்பாகத்தான் இருக்கும். அருகம்புல் சாவதில்லை, அடியில் பதுங்கிக்கொள்ளும். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை இரண்டு விழுந்தால் ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். "அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, சும்மாவா? அந்தப் பழுப்பு மாதங்களில் மெஷினுக்கும் எனக்கும் லீவு.

லான் என்றால் பன்னிரண்டு மாதமும் பச்சைக் கம்பளமாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் இந்த ஊருக்கு ஒட்டாதது. அருகம்புல் இந்த ஊரின் புல்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் முன்பக்கம் முழுக்க டைல்ஸ், சிமென்ட், பேவர் பிளாக் போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் ரோட்டுக்கு வருகிறது. எங்கள் பக்கம் கடற்கரை மணல், விழுந்த நிமிஷம் உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடுக்காக நிற்கிற இடம் இது. மேலிருந்து மழை இறங்காவிட்டால் கிணற்றில் கடல்தான் வரும். 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று மொட்டை மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்தோம். வாசலில் விழும் மழைக்கு இந்தப் புல்தரைதான் என் குழாய்.

கீரையும் போட்டிருக்கிறேன். ஆனால் கீரைப் பாத்திக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அதைப் பற்றி நீங்கள் கணக்குச் சொல்லவில்லை.


தண்ணி லாரி எழுதியது:

வாஷிங் மெஷின் தண்ணீர், பழுப்பு மாதம் இரண்டும் சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களைப் போல விடுகிறவர்கள் நூற்றில் எத்தனை பேர்? ஈசிஆரில் கெஸ்ட் ஹவுஸ் பக்கம் மே மாதம் போய்ப் பாருங்கள், ஸ்பிரிங்க்ளர் உச்சி வெயிலில் சுற்றிக்கொண்டிருக்கும். என் சண்டை அவர்களோடு.


செங்கல்பட்டு மகன் எழுதியது:

படித்துக்கொண்டே வந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

எங்கள் அப்பா மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் தோட்ட வேலை செய்தவர். ஒரு காலத்தில் அடையாறு, திருவான்மியூர், பெசன்ட் நகர் என்று ஏழெட்டு வீடு. மெஷின் எல்லாம் பிறகு வந்தது, முதலில் குத்துக்கால் போட்டு அரிவாளால்தான் அரிவார். முட்டி அப்படித்தான் போனது. நீங்கள் எல்லாரும் சொல்லும் இந்தச் சுகம் அவருக்கு இருந்ததா என்று கேட்டால், இல்லை. அப்பாவுக்குப் புல் வெட்டுவது பிடிக்கவே பிடிக்காது. "வளர்றதுக்குன்னே வெட்டுறோம்" என்பார். குரோட்டன்ஸ் கத்தரிப்பது பிடிக்கும், செம்பருத்தியில் பதியன் போடுவது ரொம்பப் பிடிக்கும். அதில் தன் கை தெரியும் என்பார். புல்லில் எவன் வெட்டினாலும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

உங்களுக்கு அது சுகமாக இருப்பதற்கு ஒரு காரணம், பிடிக்காத நாளில் நீங்கள் வெட்ட வேண்டாம். ஏழாவது வீட்டில் பதினொரு மணி வெயிலில் வெட்டுகிறவருக்கு வேப்பமர நிழலில் புல் ஏன் மெலிந்திருக்கிறது என்று யோசிக்கத் தோன்றாது. தெரிந்திருக்கும், ஆனால் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொட்டிவாக்கத்தான் சார், உங்கள் குழாய்க் கசிவு உங்கள் தோட்டக்காரருக்கு முன்னாடியே தெரிந்திருக்கலாம்.

குறை சொல்ல எழுதவில்லை. சொந்தமாக வெட்டுங்கள், நல்லதுதான். ஒன்றுதான் கேட்கிறேன்: நாமே செய்கிறோம் என்று ஆரம்பித்து, தோட்டக்காரர் சம்பளத்தில் பாதியைக் கழிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அது நீங்களாக இருக்க வேண்டாம்.


கொட்டிவாக்கத்தான் எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவரிடமே போன் போட்டுக் கேட்டேன். "தெரியும் சார். அந்த இடத்துல எப்பவும் ஈரம் இருக்கும். நீங்க மோட்டார் போடுற நேரத்துல ஜாஸ்தியா இருக்கும்" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க புல்லு நல்லா இருக்குன்னு சந்தோஷமா இருந்தீங்க" என்றார். இதற்கு மேல் நான் என்ன எழுத?

சம்பளத்தைக் குறைக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். குறைத்தால் அவர் வேறு வீடு பார்த்துக்கொள்வார், மாமரத்துக்கும் முருங்கைக்கும் எனக்கு ஆள் இருக்காது. புல்லுக்குப் போன நேரத்தில் இப்போது அவர் ரோஜாவுக்குத் தொட்டி மாற்றுகிறார்.


நியூ ஜெர்சி மாமா எழுதியது:

இங்கே எங்கள் ஊர்ப் பக்கம் நிலைமை தலைகீழ். ஆள் வைத்தால்தான் "ஏன், உடம்பு சரியில்லையா" என்று கேட்பார்கள். ஏப்ரல் கடைசியில் புல் கிளம்பும், மே, ஜூனில் வாரம் ஒரு வெட்டு கட்டாயம், நவம்பரில்தான் மெஷினை ஷெட்டில் போடலாம். விட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் பார்வை முதலில் வரும், பிறகு டவுன்ஷிப் நோட்டீஸ் வரும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் புல் வளர்ந்தால் அபராதம் போடும் ஊர்கள் நிறைய. ஆக எனக்கு இது கடமை. செங்கல்பட்டு மகன் சொன்னதை நான் நன்றாகவே புரிந்துகொள்கிறேன், விடுமுறை இல்லாத சுகம் சுகமில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வந்த புதிதில் எதிர்வீட்டுப் பெரியவரோடு பேச எனக்கு விஷயமே இருக்காது. வானிலை, அதோடு சரி. நான் மெஷின் எடுத்த பிறகுதான் வேலி ஓரம் வந்து நின்று, பிளேடு உயரத்தை மூன்று இஞ்சுக்கு ஏற்று என்றார். அன்றிலிருந்து பேச்சு நிற்கவில்லை. சென்னை வரும்போதெல்லாம் மயிலாப்பூரில் அக்கா வீட்டில் புல் இருக்கிறதா என்று கை துறுதுறுக்கும். சிமென்ட் போட்டுவிட்டார்கள்.

வெட்டின புல்லின் வாசனை பற்றி யாருமே எழுதவில்லையே, ஆச்சரியம்.


பிட்ச் ரோலர் எழுதியது:

மாமா, அந்த வாசனை புல்லின் கூப்பாடு. இலை காயப்பட்டதும் ஹெக்சனால் மாதிரி எளிதில் ஆவியாகும் பொருள்களைக் காற்றில் விடுகிறது. புழு கடித்தாலும் பல செடிகள் இதே மாதிரி பொருள்களைத்தான் விடும், அதை மோப்பம் பிடித்துக் குளவிகள் புழுவைத் தேடி வரும். நாம் அதை முகர்ந்து "ஆஹா" என்கிறோம். புல்லின் பக்கம் நின்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமான சுகம்தான்.

கொரியன் புல்லில் அந்த வாசனை குறைவு என்பது என் மூக்கின் கருத்து. மழைக்கு மறுநாள் அருகம்புல் வெட்டிப் பாருங்கள்.


வாசல்கோலம் எழுதியது:

வாசனையோடு வருகிற விருந்தாளிகளைச் சொல்ல விட்டுவிட்டீர்கள். நான் மெஷினை வெளியே எடுத்த சத்தம் கேட்டாலே மைனா இரண்டு வந்துவிடும். வெட்டுக்குப் பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்கும். தை, மாசியில் கொண்டலாத்தி வரும், வெட்டின தரையில்தான் அந்த நீள அலகு நன்றாக இறங்குகிறது. மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும், அதற்கு மட்டும் வரவேற்பு கிடையாது. புல் உயரமாக இருந்தால் விரியன் பயம். இப்போது பேரன் வெறுங்காலில் ஓடுகிறான், நெருஞ்சி ஒன்று கூட விடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வேடிக்கை. பிள்ளையார் சதுர்த்தி அன்று தெருமுனையில் அருகம்புல் கட்டு விற்பார்கள், எங்கள் தெருவில் எல்லாரும் வாங்குவார்கள். வருஷம் முழுக்க அதே அருகம்புல்லை "களை, களை" என்று பிடுங்கிப் போட்டவர்களும் வரிசையில் நிற்பார்கள். அந்த வாரம் நான் மெஷின் எடுப்பதில்லை. பறித்துக்கொள்ள நாலு வீட்டுக்காரர்கள் வருவார்கள்.

வெட்டின புல்லை என்ன செய்கிறீர்கள் எல்லாரும்? தெரு மாட்டுக்குப் போடலாமா?


பிட்ச் ரோலர் எழுதியது:

மாட்டுக்கு வேண்டாம் அம்மா. மெஷினில் பொடியாக வெட்டின புல் குவியலில் சீக்கிரம் சூடேறிப் புளிக்கும், வயிற்றுக்கு ஆகாது. கரையானுக்கோ எறும்புக்கோ மருந்து போட்டிருந்தால் இன்னும் ஆபத்து.

வாராவாரம் வெட்டுகிறவர்கள் அள்ளவே வேண்டாம். துண்டு சின்னதாக இருந்தால் தரையிலேயே விட்டுவிடுங்கள், சில நாளில் மட்கி மறைந்துவிடும். புல்லுக்கு வருஷத்தில் தேவைப்படும் தழைச்சத்தில் கால் பங்கு வரை அதிலிருந்தே திரும்பக் கிடைக்கும். மழைக்காலத்தில் கட்டி கட்டியாக ஈரமாக வந்தால் மட்டும் அள்ளி, காய்ந்த மாவிலையோடு கலந்து மட்க விடுங்கள், அல்லது தென்னை அடியில் மெலிசாகப் பரப்புங்கள். தனியாகக் குவித்தால் நாறும்.

கரண்ட் மெஷின் என்றீர்கள். ஒயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கம், உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். அந்தப் பிளக்குக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் ஸ்விட்ச், இருக்கிறதா பாருங்கள். மார்கழியில் பனி காய்ந்த பிறகுதான். பிளேடில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்விட்ச் ஆஃப் போதாது.


மூன்றாவது மாடி எழுதியது:

நானே மறுபடியும். சிரிக்க வேண்டாம்.

எங்கள் கட்டடத்துக்கு முன்னால் "புல் மீது நடக்காதீர்" என்று போர்டு வைத்த ஒரு திட்டு இருக்கிறது. பிரஷ் கட்டர் வைத்த ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து நைலான் நரம்பால் அடித்துவிட்டுப் போவார். அடித்த மறுநாள் பழுப்பு, பிறகு காடு, பிறகு திரும்பப் பழுப்பு. இந்த இழையைப் படித்துவிட்டுப் போகிற வருகிற நேரமெல்லாம் அதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் வேறு வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். தள்ளு மெஷினில் அரை மணிக்கு என்ன தேறும்?


பிட்ச் ரோலர் எழுதியது:

வேகமான நடையைவிடக் கொஞ்சம் கூடவே தேறும். 65 கிலோ ஆளுக்கு அரை மணியில் சுமார் 200 கலோரி. பிறகு சரவண பவனில் உட்காராமல் வீட்டுக்குப் போனால்.


மூன்றாவது மாடி எழுதியது:

வேளச்சேரியில் அது நடக்காத காரியம்.

செயலாளரிடம் பேசினேன். முதலில் "உங்களுக்கு மெயின்டனன்ஸில் தள்ளுபடி கிடையாது" என்றார். நான் கேட்கவே இல்லை. அடுத்து, நான் செய்தால் மற்ற ஃபிளாட்காரர்கள் தங்களையும் செய்யச் சொல்வார்களோ என்று பயப்படுவார்கள் என்றார். கடைசியில் நிபந்தனையோடு சம்மதம்: காலை 7 மணியிலிருந்து 8 மணிக்குள், சத்தம் வராத மெஷின், அடிபட்டால் சங்கம் பொறுப்பல்ல என்று கையெழுத்து. மெஷின் வாங்கும் செலவு என்னுடையது. பிரஷ் கட்டர்காரருக்கு மாதப் பணம் தொடர வேண்டும், அவர் செடி வேலி கத்தரிக்கட்டும் என்று நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். செங்கல்பட்டு மகன் கவனிக்கவும்.

இப்போது கேள்வி: பழைய தள்ளு மெஷின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கத்தி மழுங்கியிருக்கும் போலிருக்கிறது. தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?


செங்கல்பட்டு மகன் எழுதியது:

கவனித்தேன் சார். நன்றி.

உருளைக் கத்தியைச் சைக்கிள் சாணையில் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு கத்தியும் ஒரு அளவில் தேய்ந்துவிடும், அப்புறம் சேராது. அப்பாவிடம் கேட்டேன். வால்வு தேய்க்கும் பேஸ்ட் ஆட்டோமொபைல் கடையில் கிடைக்கும், அதைக் கத்தி முனையில் தடவி உருளையை எதிர்ப்பக்கம் சுற்றச் சொன்னார். தடிமனான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பேஸ்ட்டைச் சுத்தமாகக் கழுவி, ஓரத்தில் இருக்கும் திருகால் கீழ்த்தகட்டை உருளைக்கு நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். உரசலும் கூடாது, இடைவெளியும் கூடாது. செய்தித்தாள் துண்டை நுழைத்துச் சுற்றினால், இடது முனையிலிருந்து வலது முனை வரை எல்லா இடத்திலும் சுத்தமாக வெட்ட வேண்டும். மடங்கினால் இன்னும் கால் திருகு.

அந்தத் திட்டு ரொம்ப நாள் விட்ட தரை போலிருக்கிறது, தள்ளு மெஷின் அதில் முதல் நாளே நகராது. முதல் வெட்டுக்குப் பிரஷ் கட்டர்காரரையே கொஞ்சம் உயரமாக அடிக்கச் சொல்லுங்கள். மெஷின் இறக்கும் முன் ஒரு வாளி எடுத்துக்கொண்டு தரை முழுக்க நடந்து ஜல்லி, ஆணி, பாட்டில் மூடி எல்லாம் பொறுக்கிவிடுங்கள். கட்டடம் கட்டின இடத்தில் ஜல்லி நிச்சயம் இருக்கும்.


மூன்றாவது மாடி எழுதியது:

பொறுக்கிவிட்டேன். ஒரு வாளி போதவில்லை. இதில் ஒரு சாவிக்கொத்தும் கிடைத்தது, செயலாளருடையது.